டப்பா எப்போது காலியானது? நினைவோடு சாப்பிடப் பழக ஒரு வழிகாட்டி

மார்ச் மாதக் கடைசி வாரம். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாரம் எப்படிப் போகும் என்று சொல்லவே வேண்டாம். மதியம் ஒன்றரை மணிக்கு டிபன் டப்பாவைத் திறந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எக்செல்லில் 340 ரூபாய் வித்தியாசம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் கிடைத்தது. சரி, இனி நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று டப்பாவை இழுத்தால் அது காலி. பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ விளையாடுகிறார் என்று அவரை முறைத்தேன். அவர் என் இடது கையைக் காட்டினார். வலது கை மவுஸில் இருக்க, இடது கையில் ஸ்பூன். அதில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது.

அன்று நாலு மணிக்கே மறுபடி பசித்தது. புளியோதரை அளவில் ஒன்றும் குறைவில்லை. சாப்பிட்டது ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் வந்த கோளாறு என்றுதான் நினைத்தேன். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சுசான் ஹிக்ஸ் என்ற உளவியலாளர் சாப்பாட்டுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. டிவி பார்த்துக்கொண்டே மதிய உணவு சாப்பிட்ட நாளில், இளம்பெண்கள் பிற்பகலில் நொறுக்குத்தீனியைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்பது 2009-ல் அவர் பங்கேற்று வெளியான ஓர் ஆய்வு. மதியச் சாப்பாடும் அவர்களுக்கு மங்கலாகத்தான் நினைவிருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், செலவு ஆகிவிட்டது, வவுச்சர் பதிவாகவில்லை. நாலு மணிக்குப் பேரேட்டைப் புரட்டும் மூளை, மதியம் சாப்பாடே நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

மைண்ட்ஃபுல் ஈட்டிங் என்று இப்போது எல்லாரும் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: சாப்பாட்டைப் பதிவு செய்வது. அதற்குச் சாப்பாட்டில் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் தெரிய வேண்டும். எதைச் சாப்பிடுவது, எத்தனை கலோரி, அரிசியா கம்பா என்ற விவாதமெல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். அதே சோறு, அதே குழம்பு போதும்.

முதல் வாரம்: எதையும் மாற்ற வேண்டாம்

ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு முறை வாயில் ஏதாவது போகும்போதும் மூன்றே விஷயம் எழுதுங்கள். எங்கே சாப்பிட்டேன், எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன், எத்தனை நிமிடம். என்ன சாப்பிட்டேன் என்று எழுதவே வேண்டாம். எழுதினால் உடனே மனசு நீதிபதி வேலை பார்க்க ஆரம்பித்துவிடும், மூன்றாம் நாள் நோட்டு அலமாரிக்குள் போய்விடும்.

என் நோட்டில் வந்தது இது. காலை: சமையலறை மேடை ஓரம், நின்றபடி, 4 நிமிடம். மதியம்: மேசை, கம்ப்யூட்டர், 9 நிமிடம். இரவு: சோபா, போன், 25 நிமிடம். இது போக ஐந்து டீ, ஒவ்வொரு டீயோடும் ஏதோ ஒன்று. இரவு 25 நிமிடம் என்று பார்த்ததும் பரவாயில்லையே, மெதுவாகத்தான் சாப்பிடுகிறோம் என்று ஒரு சந்தோஷம். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல இருபது நிமிஷம் நீ அந்தப் போனைத்தானடா தின்னே" என்றார்.

என் மனைவியும் ஒரு வாரம் எழுதிப் பார்த்தார். அவர் நோட்டில் ஒரு நாளில் பதினொரு பதிவு, ஒன்றுகூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பையன் மீதம் வைத்த அரை இட்லி, உப்புப் பார்த்த பொரியல், வீணாகிவிடுமே என்று வழித்த தயிர். வீட்டில் சமைக்கிறவர்களுக்கு இந்த முதல் வாரம்தான் மிக முக்கியம் என்பேன். நாள் முழுக்கச் சாப்பிட்டும் ஒரு வேளைகூடச் சாப்பிட்ட நிறைவு இல்லாமல் இருப்பது ஏன் என்று அந்த ஒரு பக்கம் காட்டிவிடும்.

ஒரே ஒரு வேளையைப் பிடியுங்கள்

மூன்று வேளையையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்புகிறவர்கள் நாலாவது நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். நானும் அப்படி ஒரு தடவை வந்தவன்தான். உங்கள் கைக்குள் இருக்கும் வேளை எது என்று பாருங்கள். அலுவலகம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூச்சு விடுகிறவர்களுக்குக் காலை ஒன்பதரை மணி. ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு வீடு திரும்பியதும் சாப்பிடும் வேளை. எதுவானாலும் ஒன்றுதான். மற்ற இரண்டும் வழக்கம்போல் குழப்பமாகவே நடக்கட்டும்.

அந்த ஒரு வேளைக்கு நிபந்தனை குறைவு. உட்கார வேண்டும், தரையோ நாற்காலியோ உங்கள் முட்டியைப் பொறுத்தது. தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பாத்திரத்திலிருந்தோ பொட்டலத்திலிருந்தோ நேராக எடுத்துச் சாப்பிட்டால் எங்கே தொடங்கினோம் என்பதே தெரியாது. போன் வேறு அறையில் இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் போதாதா என்றால், போதாது. கையால் சாப்பிட்டால் போனைத் தொட மாட்டோம் என்று நானும் கணக்குப் போட்டேன். மனிதனுக்கு இடது கை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

உட்காரும் முன்: எந்தப் பசி?

பசி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது நாலைந்து ஆசாமிகளை. வயிற்றுப் பசி ஒன்று. எதிர்வீட்டில் மசாலா வதக்கும் வாசனைக்கு வருவது ஒன்று. பேக்கரிக் கண்ணாடிக்குள் பார்த்ததும் வரும் கண் பசி ஒன்று. சும்மா வாய் நமநமவென்று இருப்பது ஒன்று. தூக்கத்தையும் சலிப்பையும் பசி என்று நினைத்துக்கொள்வது இன்னொன்று.

இதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை: இப்போது பழைய சோறும் சின்ன வெங்காயமும் மட்டும்தான் இருக்கிறது, சாப்பிடுவாயா என்று உங்களையே கேளுங்கள். சாப்பிடுவேன் என்றால் அது வயிற்றுப் பசி, தாராளமாக உட்காருங்கள். இல்லை, மிக்சர்தான் வேண்டும் என்றால் கேட்பது வயிறு இல்லை. அப்போதும் மிக்சர் சாப்பிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, இது வயிற்றுக்கு அல்ல என்று தெரிந்தே சாப்பிடுங்கள். பழைய சோறு பிடிக்காதவர்கள் நேற்றைய உப்புமாவை வைத்துக் கேட்கலாம்.

முதல் மூன்று கவளம்

முழுச் சாப்பாட்டையும் கவனத்தோடு சாப்பிடச் சொல்பவர்கள் குடும்பம் நடத்தியதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். முதல் மூன்று கவளத்துக்கு மட்டும் கவனம் கொடுங்கள். சோற்றின் சூடு முதலில் விரல் நுனிக்குத் தெரியும், அது ஒரு தகவல். அப்புறம் வாசனை. வாயில் போட்டதும் உப்பு முந்துகிறதா புளி முந்துகிறதா. விழுங்கிய பிறகு அடுத்த கவளத்துக்குக் கை போகட்டும். நம்மில் பலர் வாயில் ஒன்று இருக்கும்போதே கையில் அடுத்ததைத் தயாராக வைத்திருப்போம். அந்த ஒரு பழக்கம் விட்டாலே வேகம் பாதியாகிவிடும்.

நாலாவது கவளத்திலிருந்து பேசலாம், சிரிக்கலாம், பையனின் கணக்குப் பரீட்சையைப் பற்றிக் கவலைப்படலாம்.

இதை ஒத்திகை பார்க்க ஒரு பிரபலமான பயிற்சி உண்டு. ஜான் கபாட்-சின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்பு வகுப்பில், ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்துப் பல நிமிடம் பார்த்து, முகர்ந்து, மென்று சாப்பிடச் சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன். எனக்குத் திராட்சை சுவாரசியப்படவில்லை. நம்மிடம் அதைவிட நல்ல வாத்தியார் இருக்கிறார்: பெரிய நெல்லிக்காய். ஒரு துண்டைக் கடித்தால் முதலில் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், அப்புறம் புளிப்பு, கன்னத்தின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறும். மென்று முடித்துவிட்டு ஒரு வாய் வெறும் தண்ணீர் குடியுங்கள், இனிக்கும். சின்ன வயதில் பள்ளி வாசலில் உப்பு மிளகாயோடு வாங்கித் தின்ற எல்லாருக்கும் இது தெரியும். அவசரமாக விழுங்குகிறவருக்கு அந்தக் கடைசித் தித்திப்பு கிடைக்காது. வாரம் ஒரு நாள், ஒரு நெல்லிக்காய், ஐந்து நிமிடம். இவ்வளவுதான் பயிற்சி.

எத்தனை முறை மெல்வது? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொரேஸ் ஃபிளெட்சர் என்ற அமெரிக்கர் உணவு கூழாகிக் கரையும்வரை மென்றுகொண்டே இருக்கச் சொல்லிப் பெரும் புகழ் அடைந்தார். எண்ண ஆரம்பித்தால் மனசு எண்ணிக்கையில்தான் இருக்கும், சோற்றில் இருக்காது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று நம் ஊரில் சொன்னவர்கள் எண் எதுவும் கொடுக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

இரண்டு டப்பா

எனக்கு மிகவும் உதவியது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் சாம்பார் வரும். அது முடியும்வரை ரசம் வராது. பந்தியில் என்றால் ரசவாளி நமக்கு வந்து சேர்வதற்குள் பக்கத்து இலைக்காரரின் ஊர், உறவு எல்லாம் விசாரித்துவிடலாம். ரசம் முடிந்து மோர். அதோடு சரி, இலையை மடக்கி எழுந்துவிடுவோம். வயிறு நிரம்புவதும், குடலிலிருந்து கிளம்பும் ஹார்மோன்களும் மூளைக்குச் சேதி சொல்லி, போதும் என்ற உணர்வு வர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும் என்பார்கள். இந்தச் சாம்பார், ரசம், மோர் வரிசைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். ரசத்துக்குக் காத்திருக்கும்போதே சேதி பாதி வழி வந்திருக்கும்.

இப்போது நம் மதிய டப்பாவைப் பாருங்கள். ஒரே டப்பா, ஒரே கலந்த சாதம். லெமன் சாதமோ புளியோதரையோ, முதல் ஸ்பூனும் கடைசி ஸ்பூனும் ஒரே ருசி. நடுவில் நிற்க இடமே இல்லை, முடிந்தது என்று சொல்ல மோர் இல்லை. டப்பா காலியானதுதான் முடிவு. அதுவும் கண்ணில் பட்டால்தான்.

அதனால் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தோம். பெரிய டப்பாவில் கலந்த சாதமும் காயும், முன்பைவிட இரண்டு கரண்டி குறைவு. சின்ன டப்பாவில் தயிர் சாதம். முதல் டப்பாவை முடித்து மூடி போட்டு, இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் இரண்டாவதைத் திறப்பது. அந்த மூடி போடும் அரை நிமிடத்தில்தான் இன்னும் பசிக்கிறதா என்ற கேள்வி தானாக வருகிறது. சில நாள் தயிர் சாதம் பாதியிலேயே போதும் என்று ஆகிவிடும். சில நாள் மொத்தமும் வேண்டியிருக்கும். இரண்டும் சரிதான். தயிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் சின்ன டப்பாவில் ரசம் சாதமோ கொய்யாப்பழமோ வைக்கலாம். முதலாவதின் ருசியிலிருந்து மாறுபட்டதாக, சாப்பாடு முடியப்போகிறது என்று சொல்வதாக இருந்தால் போதும்.

முடித்ததும் கை கழுவி வாய் கொப்பளியுங்கள். அது இலையை மடக்குவதற்குச் சமம். வீட்டில் என்றால் அதற்கு அப்புறம் சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் இருட்டுக்குள் போய் முறுக்கு டின்னைத் திறப்பதற்கு ஓர் உறுதி வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது.

நாலு மணியும் பதினொரு மணியும்

மேலாளரைப் பார்க்கப் போகும் முன் வயிற்றுக்குள் எதுவும் இறங்காது. அது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை, பசியைத் தற்காலிகமாக அடக்கிவிடும். நாள் கணக்கில் நீளும் அழுத்தம் வேறு மாதிரி. அதில் கார்டிசால் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும், பசியைக் கிளப்பும், அதிலும் இனிப்பும் எண்ணெயுமாகக் கேட்க வைக்கும். ஆகவே, மாதக் கடைசியில் சிப்ஸ் பாக்கெட்டைத் தேடும்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். திட்டினால் அழுத்தம் கூடும், இன்னொரு பாக்கெட் பிரியும்.

மாலைத் தீனியை நிறுத்துவதைவிட அதற்கும் ஒரு தொடக்கம் முடிவு கொடுப்பது சுலபம். சுண்டலோ வறுகடலையோ, ஒரு கிண்ணம். வெளியே என்றால் டீக்கடை. ஒன்று சொல்கிறேன், டீக்கடை பெஞ்சைப் போல் நினைவோடு சாப்பிட வசதியான இடம் வேறு கிடையாது. ஒரு டீ, ஒரு வடை, வடை தீர்ந்தால் எழுந்துவிடுவோம். அதே வடையைப் பார்சல் வாங்கி மேசைக்குக் கொண்டுவந்தால் இரண்டாகிவிடும்.

டீ, காபி பற்றி ஒரு குறிப்பு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. அவற்றிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. எனக்கு இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. சாப்பிட்ட கையோடு டீ என்று இருந்தபோது, சாப்பாட்டுக்கு முடிவு என்பதே இல்லாமல் இருந்தது.

இரவு பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துகொண்டு நிற்பவர்களுக்குப் பழைய சோற்றுக் கேள்வியே போதும். பதில் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் தேவைப்படுவது படுக்கை. 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியது. தூங்காமல் சாப்பாட்டைச் சீர்படுத்த முயல்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

நேரமே இல்லாத நாளில்

அப்படிப்பட்ட நாளும் வரும். அன்று ஐந்து நிமிடம்தான் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஏற்றதைச் சாப்பிடுங்கள். இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடி. அந்த ஐந்து நிமிடமும் திரையிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அரை மணி நேரச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் திணிப்பதைவிட இது மேல். மூன்று நாள் தொடர்ந்து தவறிப்போனால் முதல் வாரத்து நோட்டை ஒரு நாளுக்கு மட்டும் மறுபடி எடுங்கள், அது போதும்.

உறவினர் வீட்டு உபசாரம் தனிக் கலை. போதும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், அது மரியாதைக்குச் சொல்வது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "அத்தை, உங்க ரசத்துக்கு இடம் வச்சிருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். சாம்பார்க் கரண்டி பின்வாங்கும். ரசத்தின்போது மோரைச் சொல்லலாம். மோருக்கு அப்புறம் பாயசம் வந்தால் என்னிடமும் பதில் கிடையாது, குடித்துவிடுங்கள்.

சிலர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், நிஜப் பசி வரட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அவர்களுக்கு நேரம் முக்கியம். மூன்று கவளமும் இரண்டு டப்பாவும் அந்த நேரத்துக்குள் நடக்கட்டும். கர்ப்பிணிகளும் அப்படியே. முன்பு பட்டினி கிடந்தோ, அளவுமீறிச் சாப்பிட்டு வாந்தி எடுத்தோ அவதிப்பட்டவர்கள் அந்த நோட்டு வேலையைத் தனியாகச் செய்யாமல் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது. காரணமில்லாமல் எடை குறைந்தாலும், பசியே எடுக்காமல் போனாலும் அதுவும் மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்தான். எடை குறைக்க இது வழியா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு இரண்டு கிலோ குறைந்து, தீபாவளிக்கு ஒன்றரை கிலோ திரும்பி வந்தது.

இந்த வருடமும் மார்ச் 31 அன்று முதல் டப்பாவை மேசையிலேயேதான் சாப்பிட்டேன், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. லெமன் சாதம் என்று நினைக்கிறேன். மூடி போட்டதும், அப்புறம் என்ன தோன்றியதோ, சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து திறந்தால், தயிர் சாதத்துக்கு மேல் மனைவி ஒரு மோர் மிளகாய் வைத்திருந்தார். காலையில் வறுத்தது, டப்பாவுக்குள் கொஞ்சம் நமத்துப் போயிருந்தது. காம்புப் பக்கம் மட்டும் இன்னும் நொறுங்கியது.